அடியிலிருந்து ஆற வேண்டும்

தம்பி,

இன்று காலை சிஸ்டர் கிரேஸ் வந்து, வழக்கம்போல என் வயிற்றின் மேல் காகித அளவுகோலை வைத்துப் பார்த்தார். அளப்பதற்கு ஒன்றும் இல்லை. தொப்புளுக்கு மேலே தொடங்கிக் கீழே இறங்கும் ஓர் இளஞ்சிவப்புக் கோடு, அவ்வளவுதான். "முடிஞ்சிருச்சி அங்கிள். இனிமே நான் வரத் தேவையில்லலா" என்று சொல்லிக் கையுறையைக் கழற்றினார். நான்கு மாதமாக வாரத்துக்கு மூன்று முறை இந்த வீட்டுக்கு வந்து போனவர். வாசலில் அவர் காலணியை மாட்டும்போது எனக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. நல்ல செய்தி சொன்னவரைப் பார்த்து அழுதால் கிழவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைப்பாரே என்று, கேட்டைத் திறக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ அப்போது மாடியில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாய். வெள்ளிக்கிழமை பெர்த் போகிறாய். புது வேலை, புது ஊர். போய்ச் சேர்ந்ததும் எல்லாம் பழகிவிடும்.

ஆனால் நீ போவதற்குள் நான் உனக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். என் வயிற்றுப் புண்ணில் அந்த மெஷின் ஓடிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு பிற்பகல், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல் நீ கேட்டாய்: "அம்மா விஷயத்துலயும் நீங்க இப்படித்தான் செஞ்சீங்களாப்பா?" நான் காது கேட்காதவன் மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் காது எப்படிப்பட்ட காது என்று உனக்குத் தெரியும். முப்பது வருடத்துக்கு மேல் ரயில்வேயில் பிரேக் ஃபிட்டராக இருந்தவனின் காது. நீ கேட்டது என் காதில் விழுந்தது என்று உனக்கும் தெரியும், உனக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். நீ மறுபடி கேட்கவில்லை. எழுந்து போய் எனக்குக் கஞ்சி கொண்டுவந்தாய். அன்றிலிருந்து இரண்டு முறை நேரில் சொல்லிவிடலாம் என்று உன் பக்கத்தில் வந்து நின்றேன். இரண்டு முறையும் "சாப்பிட்டியா?" என்பதுதான் வாயில் வந்தது. அதனால் எழுதுகிறேன். நீ தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்ததோடு சரி, எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். நல்லதுதான். மெதுவாகவே வாசி.

ஆஸ்பத்திரியில் நடந்தது உனக்குத் தெரிந்த கதை. ஆனால் நீ வெளியே இருந்து பார்த்தாய். நான் உள்ளே இருந்தேன். குடலில் ஓட்டை விழுந்து, அவசரமாக வயிற்றைக் கிழித்து, கழுவித் தைத்தார்கள். எனக்கு அந்த நாட்கள் ஒழுங்கான வரிசையில் நினைவில்லை. மருந்து மயக்கத்தில் நான் பிறந்து வளர்ந்த பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ்தான் திரும்பத் திரும்ப வந்தது. ஆனால் அதில் மனிதர்கள் இல்லை. ரயில் பெட்டிகள் சக்கரம் இல்லாமல், சத்தம் இல்லாமல், துணி உலர்த்தும் கொடிகளுக்கு நடுவே மெல்ல மிதந்து போயின. நான் ஒவ்வொன்றையும் கையால் தொட்டு வழியனுப்பினேன். பயமே இல்லை, மகனே. இப்படியே போய்விட்டால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. பிறகு நீ வேலை பார்க்கும் பினாங்கிலிருந்து வந்து நின்றாய். உன் சட்டையில் பஸ்ஸின் ஏர்கான் வாடை அடித்தது. அந்த வாடையைப் பிடித்துக்கொண்டுதான் நான் மேலே வந்தேன்.

எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, இருமும்போது வயிற்றுக்குள் ஏதோ விட்டுக்கொடுத்தது. சுடச்சுட ஈரம். தையல் விட்டுப் போயிருந்தது. சர்க்கரை வியாதிக்காரனின் சதை நூலைப் பிடித்துவைக்கவில்லை. டாக்டர் மிச்சமிருந்த தையலையும் எடுத்துவிட்டு, "திறந்தே விடப் போறோம்" என்று சொன்னபோது உன் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் தலையைத் தூக்கி என் வயிற்றைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. என் கை மூன்று விரல் ஆழத்துக்குப் போகும்படி ஒரு பள்ளம். அறுபத்தெட்டு வருடமாக எனக்குள் இப்படி ஓர் இடம் இருந்தது எனக்கே தெரியாது.

பிறகு, புண்ணிலிருந்து காற்றையும் நீரையும் இழுத்தெடுக்கும் அந்த மெஷின் வந்தது. இரண்டு சிகரெட் பெட்டிகளைச் சேர்த்து வைத்த பருமன்தான், ஆனால் தூக்கிப் பார்த்தால் ஒரு டிபன் கேரியர் கனம். சிஸ்டர் கருப்பு ஸ்பாஞ்சைக் கத்தரிக்கோலால் என் பள்ளத்தின் உருவத்துக்கு வெட்டினார். காயத்துக்கு மேல் வைத்து வெட்டக் கூடாது, துகள் உள்ளே விழும் என்று தள்ளி நின்று வெட்டினார். உள்ளே வைத்தார், மேலே கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டினார், அதில் சின்ன ஓட்டை போட்டுக் குழாயைப் பொருத்தினார், சுவிட்சைப் போட்டார். அவ்வளவுதான், ஸ்பாஞ்ச் முழுவதும் ஒரே இழுப்பில் சுருங்கி உலர்ந்த திராட்சையாகிவிட்டது. என் வயிற்றைச் சுற்றியிருந்த எல்லாம் நடுவை நோக்கி நகர்ந்த மாதிரி இருந்தது. வலித்தது, ஆனால் யாரோ என்னைக் கையில் அள்ளிப் பிடித்துக்கொண்ட மாதிரியும் இருந்தது. கடைசியாக, தாளின் மேல் மார்க்கர் பேனாவால் 'ரெண்டு' என்று எழுதினார். உள்ளே இரண்டு துண்டு வைத்திருக்கிறார், எடுக்கும்போது இரண்டும் வர வேண்டும், ஒன்று உள்ளேயே தங்கிவிட்டால் ஆபத்து. எனக்கு அந்தப் பழக்கம் மிகவும் பிடித்திருந்தது. நாங்களும் ரயில்வே யார்டில் எத்தனை பெட்டி பார்த்தோம் என்று சாக்பீஸால் எழுதி வைப்போம்.

உனக்கு நான் என் வேலையைப் பற்றி எப்போதும் சரியாகச் சொன்னதில்லை. அந்தக் காலத்து ரயிலில் பிரேக் வேக்குவத்தில் வேலை செய்யும். என்ஜினிலிருந்து கடைசிப் பெட்டி வரை ஒரு குழாய், அதிலிருக்கும் காற்றை இழுத்து எடுத்துவிட்டால்தான் பிரேக் விட்டுக்கொடுக்கும், ரயில் நகரும். எங்கேயாவது ஒரு ரப்பர் குழாயில் ஊசி நுழையும் அளவுக்குக் கிழிசல் இருந்தாலும் காற்று உள்ளே நுழைந்து மொத்த ரயிலும் நின்றுவிடும். அந்தக் கிழிசலைத் தேடிக்கொண்டு நடப்பதுதான் என் வேலை. கையை நனைத்துக்கொண்டு குழாயை ஒட்டியே நகர்த்துவேன், காற்று போகிற இடம் சில்லிடும். அதற்கும் முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். அதனால் ஆஸ்பத்திரியில் மற்றவர்கள் அந்த மெஷினைப் பார்த்துப் பயந்தபோது எனக்கு மட்டும் பழைய கூட்டாளியைப் பார்த்த மாதிரி இருந்தது. அதே இழுப்பு, அதே முனகல். என்னை ஒரு பெட்டியாக மாற்றிக் கடைசியில் மாட்டிவிட்டார்கள் என்று நினைத்துச் சிரித்தேன். சிரித்தால் வலித்தது.

வீட்டுக்கு வந்த பிறகு, நீ சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு கிள்ளானில் என்னோடு தங்கினாய். ஐந்து வருடத்தில் நாம் இருவரும் ஒரே கூரையின் கீழ் மூன்று நாளைக்கு மேல் இருந்ததில்லை. உன் அம்மா போன பிறகு நீ தீபாவளிக்கு வருவாய், பொங்கலுக்கு போன் செய்வாய், எல்லாம் மரியாதையாக இருக்கும், ஒன்றும் குறை சொல்ல முடியாது. சிங்கப்பூரிலிருந்து வந்த தூரத்துச் சொந்தக்காரரிடம் பேசுகிற மரியாதை அது. நானும் அதே மாதிரிதான் பேசினேன். அந்த மெஷின் வந்த பிறகுதான் நமக்குப் பேசிக்கொள்ள ஏதோ கிடைத்தது. டப்பாவில் எவ்வளவு நீர் சேர்ந்தது, நிறம் என்ன, சார்ஜ் இருக்கிறதா. சட்டைக்கு மேல் பட்டை போட்டு அதை மாட்டிக்கொண்டு லிட்டில் இந்தியா கடைத்தெரு வரை உன்னோடு நடந்து போனபோது, அங்கிருந்த தேநீர்க் கடைக்காரர், "என்னண்ணே, கேமராலாம் மாட்டிக்கிட்டு? கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போறீங்களா?" என்று கேட்டார். நீ சிரித்தாய். உன் சிரிப்பு உன் அம்மாவுடையது என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

முட்டை விஷயத்தில் நான் செய்த அடத்தையும் ஒத்துக்கொள்கிறேன். புண் இருந்தால் முட்டை கூடாது, கோழி கூடாது, இறால் கூடவே கூடாது, சீழ் பிடிக்கும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா விரால் மீன் சூப் வைத்துக் கொடுத்தார், அதை மட்டும் மருந்து மாதிரி குடித்தேன், மற்ற நேரமெல்லாம் வெறும் கஞ்சி. சிஸ்டர் கிரேஸ் கண்டுபிடித்து, "அங்கிள், மெஷின் இழுக்குது, புண்ணுக்கு ரத்த ஓட்டம் வருது, எல்லாம் சரி. சதை எதை வச்சி வளரும்? காத்தையா? முட்டை சாப்பிடுங்கலா" என்று சத்தம் போட்டார். நீ ஒன்றும் பேசாமல் தினமும் இரண்டு முட்டை அவித்து உரித்து என் முன்னால் வைத்துவிட்டு, நான் சாப்பிடும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாய். வாயை மூடிக்கொண்டு பிடிவாதம் பிடிப்பது என்னிடமிருந்து வந்ததுதான். ஆனால் நீ அதை நல்ல காரியத்துக்குப் பயன்படுத்துகிறாய்.

ஒரு நாள் ஸ்பாஞ்ச் மாற்றும்போது நான் சிஸ்டரிடம் கேட்டேன், இவ்வளவு நாள் எதற்கு, மேலே இழுத்துத் தைத்துவிட்டால் ஒரு வாரத்தில் முடிந்துவிடுமே என்று. அவர் பஞ்சு சுற்றிய குச்சியைப் பள்ளத்தின் ஓரத்தில் விட்டு ஆழம் பார்த்துக்கொண்டிருந்தார். "மேல மூடுறது ஈஸி அங்கிள். உள்ள பள்ளம் அப்படியே இருக்கும். அதுல அழுக்கு சேரும், சீழ் வைக்கும், அப்புறம் மறுபடி வெட்டித் திறக்கணும். இது அடியில இருந்து வரணும். அடி மேல வர வரைக்கும் வாயைத் திறந்தே வச்சிருக்கணும்." பிறகு உன்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பள்ளத்தின் அடியில் மாதுளை முத்து மாதிரி சிவப்பாக, பொடிப்பொடியாகப் புதுச் சதை. நீ குனிந்து வெகுநேரம் பார்த்தாய். "அழகா இருக்குப்பா" என்றாய். என் குடலுக்குப் பக்கத்தில் இருக்கிற இடத்தைப் பார்த்து அழகு என்று சொன்ன ஒரே ஆள் நீதான்.

அந்த வாரத்தில்தான் முதல் அலாரம் அடித்தது. எங்கேயோ காற்று கசிகிறது என்று மெஷின் கத்தியது, சிஸ்டருக்கு போன் போட்டால் அவர் ஷா ஆலத்தில் நெரிசலில் மாட்டியிருந்தார். நீ பதறினாய். நான் உன்னை ஃபேனை நிறுத்தச் சொன்னேன், ரேடியோவை நிறுத்தச் சொன்னேன். வெளியே மழை பெய்து ஓய்ந்து கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. போர்ட் கிள்ளான் போகும் சரக்கு ரயில் ஒன்று தூரத்தில் போய்க்கொண்டே இருந்தது. அதுவும் போய் முடிந்த பிறகு காதில் விழுந்தது. இடுப்பு மடிப்பில், இடது பக்கம், உஸ்ஸென்று மிக மெல்லிய ஓசை. உன் கையை நனைக்கச் சொல்லிப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். "சில்லுன்னு இருக்குப்பா!" என்று சின்னப் பிள்ளையாட்டம் கத்தினாய். பிளாஸ்டிக் தாளில் ஒரு துண்டு வெட்டி ஒட்டினாய், மெஷின் அமைதியானது. உன் கை மட்டும் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. நானும் எடுக்கச் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன், தூங்கியும் விட்டேன் என்று நினைக்கிறேன். என் வாழ்க்கையில் அந்தப் பிற்பகலைப் போல் வேறு எதுவும் அவ்வளவு மெதுவாக நகர்ந்ததில்லை.

இப்போது இன்னொரு பிற்பகலுக்கு வருகிறேன். பெர்த் கம்பெனியோடு உனக்குக் கம்ப்யூட்டரில் நேர்காணல். நீ முன் அறையில் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தாய், கீழே அரைக்கால் சட்டை. எனக்கு ஒரே பெருமை. சரியாக அந்த நேரத்தில் அலாரம் அடித்தது. சத்தம் கேட்டு நீ எழுந்து வந்துவிடுவாய், வேலை போய்விடும் என்று நினைத்தேன். சத்தத்தை மட்டும் நிறுத்தினால் இரண்டு நிமிடத்தில் மறுபடி அடித்தது. அதனால் மெஷினையே நிறுத்தினேன். அரைமணி நேரம்தானே என்று சாய்ந்தவன் அப்படியே தூங்கிப் போனேன். நீ பேசி முடித்து எட்டிப் பார்த்தபோது அப்பா அமைதியாகத் தூங்குகிறார் என்று கதவைச் சாத்திவிட்டுப் போனாய். ஐந்து மணி நேரம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தவே கூடாது என்று சிஸ்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். எழுந்து பார்த்ததும் சத்தமில்லாமல் சுவிட்சைப் போட்டுவிட்டேன். கசிவோ அப்படியே இருந்தது. நனைந்த ஓரத்தின் மேல் ஒட்டுத் தாளை அடுக்கடுக்காக நானே ஒட்டி அதன் வாயை அடைத்தேன். மறுநாளும் உன்னிடம் சொல்லவில்லை. அதற்கடுத்த நாள் காய்ச்சல் வந்தது.

சிஸ்டர் வந்து தாளைப் பிரித்ததும் அறை முழுக்க நாற்றம். மாதுளை முத்தெல்லாம் சாம்பல் நிறமாகியிருந்தது. "யார் பார்த்துக்கறது இவரை? மெஷின் நின்னா தெரியாதா?" என்று உன்னைப் பார்த்துக் கேட்டார். கோபத்தில் அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நீ என்னைப் பார்த்தாய். மெஷினின் சின்னத் திரையில் அது எத்தனை மணி நேரம் ஓடியது, எப்போது நின்றது எல்லாம் தெரியும், அதை நீ முந்தின நாளே பார்த்துவிட்டாய் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. நீ தலையைக் குனிந்துகொண்டு, "என் தப்புதான் சிஸ்டர். நான் கவனிக்கல" என்றாய். நான் வாயைத் திறக்கவில்லை, தம்பி. என் மகன் எனக்காகத் திட்டு வாங்கிக்கொண்டு நின்றான், நான் போர்வையை நெஞ்சு வரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தேன். மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி சுத்தம் செய்தார்கள், மூன்று வாரம் பின்னால் போனோம். திரும்பி வந்த அன்று பிற்பகல்தான் நீ அந்தக் கேள்வியைக் கேட்டாய்.

பதில் இதுதான். ஆமாம். அம்மா விஷயத்திலும் இப்படித்தான் செய்தேன்.

உன் அம்மா திடீரென்று போகவில்லை. நீ கெடாவில் கடைசி செமஸ்டர் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது, அவள் பதினொரு நாள் வார்டில் இருந்தாள். இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கட்டியிருந்தது. மூன்றாவது நாளே டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பிள்ளைகள் இருந்தால் வரச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டார். நீ தினமும் அவள் போனுக்குக் கூப்பிட்டாய். நான் எடுத்து, "தூங்குறாடா, லேசா சளி, நீ பரீட்சையைப் பாரு" என்றேன். உன் சித்தியிடமும் பரீட்சையைச் சொல்லியே வாயை அடைத்தேன். எல்லோரும் நம்பினார்கள். பிள்ளையின் படிப்புக்காக இந்த மனிதன் எவ்வளவு தாங்குகிறான் என்று என்னைப் பாராட்டக்கூடச் செய்தார்கள்.

பரீட்சை ஒரு சாக்கு. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எனக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது, பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் என் அப்பா கடைசி மூச்சில் கிடந்தார். நான்கு நாள் சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை, கண் மட்டும் வாசலைப் பார்த்தபடி. மூத்தவன் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும், அதற்காகத்தான் உயிர் இழுத்துக்கொண்டு கிடக்கிறது என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள். அண்ணன் மெயில் ரயிலில் வந்து இறங்கி, ஓடிவந்து, வாயில் ஒரு கரண்டி பால் விட்டார். ஒரு மணி நேரத்தில் அப்பா போய்விட்டார். "வர வேண்டியவன் வந்துட்டான், நிம்மதியா போயிட்டாரு" என்று எல்லோரும் அமைதியானார்கள். நான் மட்டும் கதவோரம் நின்று வேறு மாதிரி நினைத்தேன். அண்ணன் அந்த ரயிலைத் தவறவிட்டிருந்தால்?

நாற்பது வருடத்துக்கு மேல் கழித்து, வார்டில் உன் அம்மாவின் கண் கதவையே பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்கு அந்த நினைப்பு வந்தது. நீ வந்தால் அவள் போய்விடுவாள். நீ வராதவரை அவள் காத்திருப்பாள், காத்திருக்கிறவரை உயிரோடு இருப்பாள். கேட்டால் சிரிப்பாய், இல்லை, சிரிக்க மாட்டாய். படித்தவன் இல்லை என்றாலும் அறிவில்லாதவன் இல்லை நான், ஆனால் அந்தப் பதினொரு நாளும் அதை முழுசாக நம்பினேன். உன்னைத் தூரத்தில் வைத்து அவளை இங்கே கட்டிப்போடப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் "வரான், வந்துக்கிட்டே இருக்கான்" என்று அவளிடம் சொன்னேன், உன்னிடம் ஒன்றுமில்லை என்றேன். நடுவில் நான் உட்கார்ந்துகொண்டு இரண்டு பக்கமும் அடைத்துவைத்தேன். பன்னிரண்டாம் நாள் காலை, நீ வராமலேயே அவள் போய்விட்டாள். நான் நினைத்தபடி எதுவும் நடக்கவில்லை. அவளுக்கு மகனைப் பார்க்கக் கிடைக்கவில்லை, உனக்கு அம்மாவைப் பார்க்கக் கிடைக்கவில்லை. அதை மட்டும்தான் நான் சாதித்தேன்.

நீ வந்து சேர்ந்தபோது "திடீர்னு ஆயிடுச்சிப்பா" என்று சொல்லி மேலே மூடினேன். நீ எதையும் கேட்கவில்லை, காரியமெல்லாம் ஒழுங்காகச் செய்தாய், மொட்டை போட்டாய், திரும்பிப் போனாய். ஆறிவிட்டது என்று நினைத்தேன். சிஸ்டர் கிரேஸ் குச்சியை விட்டு ஆழம் பார்த்தபோதெல்லாம் எனக்கு இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. நமக்குள் இருந்த அந்த மரியாதைக்கு அடியில் பள்ளம் ஒரு விரல்கூட மேலே வரவில்லை.

மகனுக்குக் கடிதம் எழுதுகிற அப்பா ஏதாவது புத்தி சொல்ல வேண்டுமாம். என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. முட்டை சாப்பிடு. உடம்புக்கு ஏதாவது என்றால் உடனே டாக்டரிடம் போ, நம் குடும்பத்து ரத்தத்தில் சர்க்கரை இருக்கிறது. நாளைக்கு ஒருத்தியைக் கட்டிக்கொண்டால் அவளுடைய நல்லதுக்கு என்று சொல்லி அவளிடம் எதையும் மறைக்காதே. நல்லதுக்கு என்று நாம் சொல்வதில் பாதி நம் பயம்தான். யாராவது உனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டு நின்றால், போர்வைக்குள் ஒளியாமல் எழுந்து உண்மையைச் சொல். இன்று காலை கேட்டருகில் சிஸ்டரிடம் அதைச் சொல்லிவிட்டேன். அன்று மெஷினை நிறுத்தியது நான்தான் என்று. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "தெரியும் அங்கிள். உங்க மகன் நல்லாப் பொய் சொல்லத் தெரியாதவரு" என்றார்.

என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. சீக்கிரமாக மன்னித்துவிடாதே என்று கேட்பதற்குத்தான் எழுதுகிறேன். நீ நல்ல பிள்ளை, "பரவாயில்லப்பா, விடுங்க" என்று மெசேஜ் அனுப்பிவிடுவாய் என்று பயமாக இருக்கிறது. அனுப்பாதே. கோபப்படு. ஒரு மாதம் பேசாமல் இரு, பிறகு போன் போட்டுத் திட்டு. அம்மா என்ன சாப்பிட்டாள், என்ன பேசினாள், வலித்ததா, அழுதாளா என்று ஒவ்வொரு நாளாகக் கேள். பதினொரு நாளும் எனக்கு நினைவிருக்கிறது, கேட்கிற எல்லாவற்றுக்கும் இந்த முறை பதில் சொல்வேன். எவ்வளவு நாள் ஆனாலும் நான் இங்கேதான் இருப்பேன்.

ஒன்றை மட்டும் நீ கேட்கும் வரை வைத்திருக்க எனக்கு உரிமை இல்லை. அது உன்னுடையது. பதினோராம் நாள் மாலை அவள் கண்ணைத் திறந்து, "தம்பி எங்க வரான்?" என்று கேட்டாள். நான் வழக்கம்போல, "பஸ் ஏறிட்டான், பாதி வழி வந்துட்டான்" என்றேன். அவள் முகம் அப்படியே மலர்ந்தது. என் கையைத் தட்டி, போனை எடுக்கச் சொல்லி ஜாடை காட்டினாள். நான் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு உன்னிடம் பேசுவதுபோல் நடித்தேன். அவள் நிறுத்தி நிறுத்தி, மூச்சு வாங்கி, நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்று நம்பி உனக்குச் சொன்னது இது: "தாப்பாவுல பஸ் நிறுத்துவாங்க. எறங்கி ஏதாச்சும் சாப்பிடுய்யா. வெறும் வயித்தோட வராத. அம்மா எங்கயும் போகல, மெதுவாவே வா."

அப்பா